மேல்வீட்டுக் குழாய் பிளந்து நனைந்த 1972ஆம் ஆண்டு வீடு: எதை உலர்த்துவது, எதை உடைப்பது?

தோபாயோ மகள் கேட்கிறார்:

வணக்கம். என் பெற்றோர் சிங்கப்பூரின் தோ பாயோவில் 1972ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடொன்றில் நெடுங்காலமாகக் குடியிருக்கின்றனர். தீபாவளிக்காக இருவரும் திருச்சிக்குச் சென்றிருந்தபோது, மேல்வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்த வளைகுழாய் பிளந்துவிட்டது. அந்த வீட்டாரும் ஊரில் இல்லாததால் தண்ணீர் ஏறத்தாழ இரண்டு நாள்கள் ஓடியிருக்கிறது. எங்கள் கதவுக்கு அடியிலிருந்து தாழ்வாரத்துக்கு நீர் வழிவதைப் பக்கத்து வீட்டு மலாய் அக்கா பார்த்து என்னை அழைத்த பிறகுதான் எங்களுக்கே விவரம் தெரிந்தது.

இன்று ஐந்தாம் நாள். சமையலறைக் கூரையில் பழுப்புக் கறை படர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் ஒரு தட்டளவு கான்கிரீட் பெயர்ந்து விழுந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிகிறது. கூடத்தில் அப்பா 1980களில் போட்ட தேக்கு பார்க்கே தரையின் (சிறு மரத்துண்டுகளைப் பதித்த தரை) துண்டுகள் ஆங்காங்கே மேலெழும்பி நிற்கின்றன. சுவரோடு பொருத்திய அலமாரிக்குப் பின்னாலிருந்து ஈர வாடை வருகிறது. அடித்தட்டில் இருந்த அப்பாவின் புத்தகங்களும் நனைந்துவிட்டன.

இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். முதலாமவர், நீர்ச் சேதச் சீரமைப்பு நிறுவனத்திலிருந்து வருவதாகச் சொல்லி, மூன்று நாள் இயந்திரம் வைப்பது, வீடு முழுவதும் பூஞ்சை மருந்துப் புகை அடிப்பது, பார்க்கே முழுவதையும் அகற்றி வினைல் போடுவது ஆகியவற்றுக்கு 7,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்டார். இரண்டாமவர் எங்களுக்குத் தெரிந்த புதுப்பிப்புப் பணியாளர். சன்னல்களைத் திறந்து வைத்து, இரண்டு வாரம் கழித்துச் சாயம் பூசிவிட்டால் போதும் என்றும், அதற்கு 900 வெள்ளி ஆகும் என்றும் சொல்கிறார். இரண்டில் எதை நம்புவது? அம்மாவுக்கு ஆஸ்துமா இருப்பதால் அவர்களை இப்போது என் வீட்டில்தான் வைத்திருக்கிறேன். செலவில் மேல்வீட்டாருக்குப் பங்கு உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஈரமானி பதிலளிக்கிறார்:

நான் பதினொரு ஆண்டுகள் நீர்ச் சேதச் சீரமைப்புத் துறையில் வேலை பார்த்தவன்; இப்போது வேறு தொழிலில் இருப்பதால் யாருக்காகவும் பேசவேண்டிய தேவை எனக்கு இல்லை. உங்களிடம் வந்த இருவரில் எவராவது சுவரிலோ தரையிலோ கருவி வைத்து ஈரத்தை அளந்தாரா? அளந்திருந்தால் அந்த எண்ணைக் குறிப்பிட்டிருப்பீர்கள். எவ்வளவு நனைந்திருக்கிறது என்பது தெரியாமலே ஒருவர் 7,200 என்கிறார், மற்றவர் 900 என்கிறார்.

முதலில் மின்சாரம். கூரை விளக்குப் புள்ளிகள் வழியாக நீர் இறங்கியிருந்தால், அந்த இணைப்புகளை உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்த்து முடிக்கும் வரை அந்தச் சுற்றை விசைப்பெட்டியிலேயே நிறுத்தி வையுங்கள். கூரை காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் மின்கம்பி செல்லும் குழாய்க்குள் நீர் தங்கியிருக்கக்கூடும்.

சன்னலைத் திறந்து வைக்கும் யோசனை, வறண்ட காற்று வீசும் ஊரில் பலிக்கும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். விடியற்காலையில் 90ஐயும் தாண்டும். போதாக்குறைக்கு நீங்கள் இருப்பது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம். அந்தக் காற்றை உள்ளே விட்டால் சுவரின் மேல்தோல் காய்ந்ததுபோலத் தோன்றும். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியிராது. அறையை மூடி, ஈரநீக்கி இயந்திரத்தை ஓடவிட்டு, காற்றின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து, அந்த உலர்ந்த காற்றை விசிறியால் ஈரப் பரப்பின் மேல் தொடர்ந்து ஓடச் செய்ய வேண்டும். விசிறி மட்டும் வைத்து ஈரநீக்கி வைக்காவிட்டால், ஓரிடத்து ஈரத்தை எடுத்து வீடு முழுவதும் பரப்பியதாகத்தான் ஆகும்.

வீட்டு உபயோக ஈரநீக்கி வாங்கிச் சமாளிக்கலாமா என்று நினைப்பீர்கள். பெட்டியின் மேல் ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்று போட்டிருந்தால் அடியில் சிறிய எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் அளந்த எண்ணாக அது இருக்கும். அறை உலர உலர அது எடுக்கும் நீரின் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சிறிய அறை ஒன்றுக்குப் போதும். இரண்டு நாள் நனைந்த கூடத்துக்கும் சமையலறைக்கும் போதாது.

அடுத்தது, எந்த வகை நீர் என்பது. இத்துறையில் பலரும் பின்பற்றும் அமெரிக்க ஐஐசிஆர்சி அமைப்பின் எஸ்500 வழிகாட்டி, நீரை மூன்று வகையாகப் பிரிக்கிறது: குழாயிலிருந்து நேரே வரும் தூய நீர், கணிசமாக மாசடைந்த நீர், கழிவுநீர் போன்ற மிக மோசமாக மாசடைந்த நீர். உங்கள் வீட்டில் வந்தது குழாய் நீர்தான் என்றாலும், அது ஒரு கான்கிரீட் தளத்தின் அழுக்கையெல்லாம் கரைத்துக்கொண்டு இறங்கியது. ஐந்து நாளாகத் தேங்கியும் இருக்கிறது. எனவே அதை முதல் வகையாகக் கொள்ள மாட்டேன். ஈரம் பட்ட இடத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும் என்பது பொது விதி. அந்தக் கெடு உங்களுக்கு முடிந்துவிட்டது. வாடை வரும் அலமாரியை இன்றே சுவரிலிருந்து கழற்றுங்கள். ஒட்டுப்பலகையால் செய்ததாக இருந்தால் அதைக் காப்பாற்றப் பணம் செலவழிக்காதீர்கள். அடிப்பகுதி ஊதிப்போன பலகை மீண்டும் பழைய நிலைக்கு வராது.

பூஞ்சை மருந்துப் புகை அடிப்பதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஈரம் உள்ளே இருக்கும்போது எந்த மருந்தை அடித்தாலும் சில வாரங்களில் பூஞ்சை திரும்பும். மேலும், செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது செத்ததா உயிரோடிருக்கிறதா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. பூஞ்சை பிடித்ததைத் துடைத்தோ சுரண்டியோ வெளியே எடுப்பதுதான் வேலை. சுரண்டும்போது அந்த அறையைப் பிளாஸ்டிக் விரிப்பால் அடைத்து, முகக்கவசம் அணிந்து செய்ய வேண்டும். அந்த 7,200 வெள்ளியில் புகைக்கு எவ்வளவு என்று தனியாக எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

கூரையில் தெரியும் கம்பியைப் பொறுத்தவரை, அது இந்த ஐந்து நாளில் பிடித்த துரு அல்ல. ஐம்பது ஆண்டுகளாகக் காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல ஊடுருவி அதன் காரத்தன்மையைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. காரத்தன்மை போனதும் கம்பிக்கு இருந்த காப்பும் போய்விடுகிறது. துரு இரும்பைக் காட்டிலும் அதிக இடம் எடுத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளி உடைக்கிறது. இந்தக் கசிவு கடைசித் தள்ளு மட்டுமே. ஆகவே அதைப் பூசி மறைத்துச் சாயம் அடிப்பது வீண். தளர்ந்த கான்கிரீட்டை முழுவதும் தட்டி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்கென உள்ள பாலிமர் கலந்த காரையால் அடைக்க வேண்டும். அதுவரை அந்த இடத்துக்கு நேர் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள்.

தேக்கு பார்க்கேயை அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். அந்தத் தரத் தேக்கை இன்று வினைல் விலைக்கு வாங்க முடியாது. மேலெழும்பிய துண்டுகளையும், அவற்றைச் சுற்றி இரண்டு வரிசைத் துண்டுகளையும் கழற்றி, பின்பக்கத்தில் எண் எழுதி, இடைவெளி விட்டு அடுக்கி நிழலில் காயவையுங்கள். கழற்றுவதால் எஞ்சிய தரை விரிவதற்கு இடமும் கிடைக்கும், அடியிலுள்ள கான்கிரீட் மூச்சு விடவும் வழி பிறக்கும். ஈரத்தோடு இருக்கும்போது யாராவது மேடுகளை இயந்திரம் வைத்துத் தேய்த்துச் சமன் செய்யலாம் என்றால் விடாதீர்கள். பிறகு மரம் காய்ந்து சுருங்கும்போது தேய்த்த இடம் குழியாக நிற்கும்.

மூன்றாம் மாடி பதிலளிக்கிறார்:

செலவு விவகாரம் மட்டும் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்தது.

வீவக வீட்டில் கூரைக் கசிவு என்றாலே பாதிச் செலவைக் கழகம் ஏற்கும் என்று பலர் சொல்வார்கள். அது அரை உண்மை. மேல்வீட்டுக் குளியலறை அல்லது சமையலறைத் தளத்தின் நீர்க்காப்புப் படலம் நாள்பட்டுத் தேய்ந்து கசிந்தால், அது மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டியது. அதற்குத்தான் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டம் இருக்கிறது: தகுதியுள்ள வீடுகளுக்குக் கழகம் 50 சதவீதம் ஏற்கும், எஞ்சியதை இரு வீட்டாரும் சரிபாதியாக, அதாவது ஆளுக்கு 25 சதவீதமாகப் பகிர்ந்துகொள்வர். வளைகுழாய் பிளந்தது தளத்தின் தேய்மானம் அல்ல. ஆனால் கான்கிரீட் பெயர்வதற்கும் அதே திட்டம் பொருந்தும் என்பதால், கூரையின் துருக் கம்பிக்காகத் தனியே விண்ணப்பியுங்கள். இரண்டையும் ஒரே புகாராக எழுதிக் குழப்பிவிடாதீர்கள். 1997 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கு நடைபெறும் இல்ல மேம்பாட்டுத் திட்டத்தின்போது உங்கள் கூரையில் ஏற்கெனவே கான்கிரீட் பழுது பார்த்திருந்தால், அந்தத் தாள்களையும் தேடி எடுத்து வையுங்கள்.

காப்புறுதியில் இன்னொரு குழப்பம் உண்டு. வீவக தீ காப்புறுதி, கழகம் கட்டிக் கொடுத்த உட்கட்டமைப்புக்கானது. பின்னாளில் நீங்கள் போட்ட தரை, அலமாரி, தட்டுமுட்டுச் சாமான்கள் அதில் அடங்கா. அவற்றுக்கு வீட்டுப் பொருள் காப்புறுதி தனியாக இருக்க வேண்டும். அதிலும் குழாய் திடீரென வெடிப்பதற்கும் நாள்பட்ட கசிவுக்கும் வேறுபாடு பார்ப்பார்கள். மேல்வீட்டாரிடமும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பகையின்றிக் கேளுங்கள். எங்கள் விவகாரம் அவ்வாறு கேட்டதில்தான் முடிந்தது. பிளந்த அந்த வளைகுழாயைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பேச்சு முறிந்தால் சிறு உரிமைகோரல் தீர்ப்பாயம் இருக்கிறது: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் இசைந்தால் 30,000 வரை, சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல். ஆனால் மேல்வீட்டார் என்பதாலேயே அவர் மேல் பொறுப்பு விழுந்துவிடாது. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும்.

எதையும் உடைப்பதற்கு முன் நாள், நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். நான் அதைச் செய்யாமல் ஒரு சுவரின் செலவை இழந்தேன்.

சுண்ணாம்புச் சுவர் பதிலளிக்கிறார்:

தோ பாயோ வீட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் தலைப்பைப் பார்த்துப் பழைய கடைவீட்டுக்காரர்களும் வருவார்கள் என்பதால் எழுதுகிறேன். லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் போன்ற இடங்கள் 1989இல் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ள போருக்கு முந்திய வீடுகளின் சுவர், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு தானாகவே வெளியே விடும். எங்கள் குடும்ப வீட்டின் கூரை வாய்க்கால் அடைத்துப் பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவர் நனைந்தபோது, வந்த பணியாளர் சுண்ணாம்பை உரித்துவிட்டுச் சிமெண்டு பூசி, மேலே நீர்புகாச் சாயமும் அடித்துக் கொடுத்தார். ஓராண்டு அழகாக இருந்தது. அதன்பின் முழங்கால் உயரத்தில் இருந்த ஈரக்கறை இடுப்புக்கு மேலே ஏறியது. வெளியேற வழியில்லாத நீர், வழி கிடைக்கும் உயரம் வரை சுவருக்குள்ளேயே ஏறிப்போயிருக்கிறது. கூடவே உப்புப் பூத்துச் செங்கல்லின் முகம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சிமெண்டை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்பு பூசுவதற்கு முதல் செலவைப்போல் மூன்று மடங்கு ஆயிற்று.

இத்தகைய வீடுகளில் இயந்திரம் வைத்து வேகவேகமாக உலர்த்துவதும் ஆபத்து. சுவருக்குள் கரைந்திருக்கும் உப்பு ஒரேயடியாக மேற்பரப்புக்கு வந்து பூச்சைத் தள்ளிவிடும். மேலே ஈரமானி சொன்ன 50 சதவீத ஈரப்பதக் கணக்கைக் கடைவீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் வேலை தொடங்குமுன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி தேவைப்படுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று தோ பாயோவுக்கும் பொருந்தலாம். கட்டடங்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பயன்படுத்துவது இங்கே 1980களின் இறுதியில்தான் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்திய வீட்டில் பழைய தடுப்புப் பலகையோ வினைல் ஓடோ இருந்து, அதை உடைக்க நேர்ந்தால், முதலில் சோதித்துப் பாருங்கள். கல்நார் நனைந்து கிடப்பதால் தீங்கு இல்லை. காய்ந்தபின் உடைத்துத் தூசியாக்குவதுதான் தீங்கு.

தோபாயோ மகள் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. நேற்று மூன்றாவதாக ஒரு நிறுவனத்தை அழைத்தேன். வந்தவர் பேசுவதற்கு முன்பே கருவியை எடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. அலமாரியைக் கழற்றியபோது பின்னால் சுவர் முழுதும் கறுப்பாக இருந்தது. அப்பா அந்த இடத்தைவிட்டு அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பார்க்கேயில் நாற்பத்தேழு துண்டுகளுக்கு எண் போட்டுவிட்டோம். துருக் கம்பிக்குக் கழகத்திடம் தனியாகப் பதிவு செய்திருக்கிறேன். மேல்வீட்டு ஐயா தாமாகவே வந்து வருத்தம் தெரிவித்து, தம் காப்புறுதி விவரத்தையும் கொடுத்தார்.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. எத்தனை நாள் இயந்திரம் ஓட வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? அந்த நிறுவனத்தார் வெப்பப்படக் கருவியில் சுவரைக் காட்டி, நீல நிறம் மறைந்துவிட்டால் ஈரம் போய்விட்டது என்கிறார்கள். அப்பாவின் புத்தகங்களை என்ன செய்வது?

ஈரமானி பதிலளிக்கிறார்:

புத்தகங்களை முதலில் சொல்கிறேன், அவை காத்திருக்க மாட்டா. இன்றே பிரித்துக் காயவைக்க நேரமில்லாதவற்றைத் தனித்தனியாக மெழுகுத் தாளில் சுற்றிப் பைகளில் இட்டு, உறைபெட்டிக்குள் வையுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது, மையும் மேலும் பரவாது, மாதக்கணக்கில்கூட இருக்கலாம். நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பக்கங்களுக்கிடையே உறிஞ்சும் தாள் வைத்துக் காயவையுங்கள். பளபளப்புத் தாளில் அச்சிட்டவை ஒட்டிக்கொண்டால் பிரியாது. அவற்றை முதலில் கவனியுங்கள். ஏற்கெனவே பூஞ்சை பிடித்தவற்றை அம்மா இருக்கும் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம்.

வெப்பப்படக் கருவி ஈரத்தைப் பார்ப்பதில்லை, வெப்பநிலையைப் பார்க்கிறது. ஈரம் ஆவியாகும்போது சுவர் குளிர்வதால் நீலம் தெரிகிறது. ஆவியாவது நின்றாலோ, வெளியில் வெயில் பட்டுச் சுவர் சூடானாலோ, ஈரம் உள்ளே இருக்கும்போதே நீலம் மறைந்துவிடும். எங்கே அளப்பது என்று காட்டுவதற்கு அது நல்ல கருவி. முடிந்துவிட்டது என்று சொல்வதற்கு அல்ல.

முடிவு செய்யும் முறை இதுதான்: தண்ணீர் படாத ஓர் அறையில், அதே வகைச் சுவரிலும் அதே தேக்குத் தரையிலும் அளவு எடுத்து அந்த எண்ணை எழுதி வைக்கச் சொல்லுங்கள். நனைந்த இடங்களில் பென்சிலால் புள்ளி குறித்து, நாள்தோறும் அதே புள்ளியில் அளந்து, காய்ந்த அறையின் எண்ணை நெருங்கும் வரை இயந்திரம் ஓட வேண்டும். மரத்துக்கென அமைந்த ஊசிக் கருவி கான்கிரீட்டில் காட்டும் சதவீதம் உண்மையான சதவீதம் அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே அது உதவும். உப்புப் படிந்த சுவரில் காய்ந்த பின்னும் அது கூட்டிக் காட்டும்.

கான்கிரீட் தரைக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இயந்திரங்களை நிறுத்தியபின், 45 சென்டிமீட்டர் சதுரத் தடித்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் அடைத்து, 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் முத்துகளோ கருத்த தடமோ தெரிந்தால் பார்க்கே துண்டுகளை ஒட்டக் கூடாது. ஒன்றும் தெரியாவிட்டாலும் அது முழு உறுதி ஆகாது. ஒட்டுவதற்கு முன் தரையில் துளையிட்டு உள்ளே ஈரப்பதம் அளக்கும் ஆய்கருவியை வைக்கச் சொல்லுங்கள். 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நான் மரத்தை ஒட்ட மாட்டேன். புதிதாகப் போட்ட சிமெண்டுத் தரை நல்ல சூழலில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு நாள் வீதம் காயும் என்பது இங்கிலாந்தில் வழங்கும் கணக்கு. மழைக்காலச் சிங்கப்பூரில் அதைக் கொண்டு நாள் குறித்துவிடாதீர்கள்.

சுவருக்குச் சாயம் பூசுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குள் வீடு வெள்ளையாக வேண்டும் என்று அப்பா கேட்பார்; எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். கூடத்தை மட்டும் அதற்குள் முடித்துக் கொடுக்க முடியலாம். அலமாரி இருந்த சுவரையும் சமையலறைக் கூரையையும் மாசி வரை வெறுமையாக விட்டு வையுங்கள்.